மடங்கும் கால், மடங்காத மேஜை

யானைக்கவுனி என்னும் பெயரைக் கேட்கும் வெளியூர் அன்பர்கள், இங்கே யானை தாராளமாகப் புகுந்து புறப்படும்படி விசாலமான இடம் இருக்கும் என்று எண்ணுவதுண்டு. கவுனி என்றால் கோட்டை வாசல். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கும்பினியார் சென்னைப் பட்டணத்தைச் சுற்றி எழுப்பிய மதிற்சுவரின் மேற்குப்புறத்து வாசல்களில் இதுவும் ஒன்று. யானை போய்விட்டது, வாசலும் போய்விட்டது. மதிலுக்கென்று வரி போட நினைத்ததன் ஞாபகம் மாத்திரம் வால்டாக்ஸ் ரோடு என்ற பெயரில் இன்னும் நிற்கிறது. இக்காலத்து யானைக்கவுனியில் யானையைப் பற்றிய கவலை யாருக்கும் இல்லை. ஒரு மேஜை நுழையுமா என்பதுதான் எங்கள் கவலை.

நான் குடியிருக்கும் பகுதியில் கூடம் என்று சொல்லப்படுவது பத்தடிக்குப் பன்னிரண்டடி. பகலில் அது குழந்தைகளின் பள்ளிக்கூடம். மாலையில் வந்தவர்களை உட்கார வைக்கும் இடம். இரவு எட்டு மணிக்குச் சாப்பாட்டு அறை. பத்து மணிக்கு என் தாயாரும் குழந்தைகளும் படுக்கும் அறை. இப்படி ஒரே தரையை நான்கு வேலைக்கு உபயோகிக்கும் குடும்பங்கள் இந்தப் பட்டணத்தில் ஆயிரக்கணக்கில் உண்டு. அந்த வீடுகளில் நிரந்தரமாக நாலு காலையும் ஊன்றிக்கொண்டு நிற்கும் மேஜைக்கு இடமே இல்லை. வேலையிருக்கும்போது நின்று, வேலை முடிந்ததும் மடங்கிக் கதவுக்குப் பின்னால் ஒதுங்கும் மேஜையே வேண்டும். அத்தகைய மேஜையை வீட்டிலேயே செய்துகொள்வது எப்படி, அதற்கு எந்தக் காலை வாங்குவது, எப்படிப் பொருத்துவது என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். முதல் தடவை எப்படிச் செய்யக்கூடாதோ அப்படியெல்லாம் செய்து பார்த்தவன் என்பது, இவ்விஷயத்தில் எனக்குள்ள விசேஷத் தகுதி.

முதல் மேஜை

என் மூத்த பெண் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த சமயம். தரையில் குப்புறப் படுத்துக்கொண்டுதான் எழுதுவாள். "கழுத்து வலிக்குது அப்பா" என்று அவள் சொன்னது நாலாவது தடவையாக என் காதில் விழுந்ததும் எனக்கு ரோசம் வந்துவிட்டது. அன்று மாலையே பாரிமுனைப் பக்கம் போய், மடக்குக் கால் ஒரு ஜோடி வாங்கினேன். இருந்தவற்றுள் மலிவானது, பார்வைக்குப் பளபளப்பானது. மரத்துகளைப் பசையில் குழைத்து அழுத்திச் செய்த பலகை ஒன்றும் வாங்கினேன். அன்றிரவே, கிடைத்த திருகாணிகளைக் கிடைத்த இடத்தில் முறுக்கி, மேஜையை நிமிர்த்தி நிறுத்தினேன். வீட்டார் அனைவரும் பாராட்டினார்கள். நான் பள்ளிக்கூடத்தில் பௌதிகம் போதிப்பவன் என்பதை அன்று கொஞ்சம் அதிகமாகவே நினைத்துக்கொண்டேன்.

பன்னிரண்டாம் நாள் அந்த மேஜை விழுந்தது. பெண் எழுதிக்கொண்டிருந்தாள், சின்னவன் ஓடிவந்து மேஜையின் ஓரத்தில் கையை ஊன்றினான். அவ்வளவுதான். மோர் டம்ளரும் கணக்கு நோட்டும் தரையில் கிடந்தன. அதனால் ஒன்றும் மோசமில்லை. கால் மடிந்த வேகத்தில், தாங்குகம்பிக்கும் சட்டத்துக்கும் நடுவில் பெண்ணின் வலது கை ஆட்காட்டி விரல் அகப்பட்டுக்கொண்டது. நகம் கறுத்து, விரல் வீங்கிவிட்டது. பரீட்சைக்கு எட்டு நாள் இருந்தது.

"நான் எழுதிடுவேன் அப்பா" என்றாள் குழந்தை. அவளைச் சமாதானப்படுத்த வேண்டியவன் நான்; ஆனால் நடந்தது நேர்மாறாக இருந்தது. என் தாயார் மாத்திரம், "ஏம்பா, இத்தனை பேருக்குப் பாடம் சொல்லிக் குடுக்கறியே" என்று ஆரம்பித்து, மேலே ஒன்றும் சொல்லாமல் நிறுத்திக்கொண்டார். அதைவிட அவர் வாக்கியத்தை முடித்திருக்கலாம்.

மறுநாள் எங்கள் தெருவில் வேலை செய்யும் தச்சர் ஒருவர் வந்து பார்த்தார். இரும்புக் காலை நான் வாயில் வந்தபடி வைதுகொண்டிருந்தேன். அவர் பலகையைத் திருப்பிப் போட்டுச் சிரித்தார்.

"கால் மேல என்ன சார் தப்பு? அது கோணாம கொள்ளாம அப்படியேதான் இருக்குது. அதைப் புடிச்சிக்கினு இருந்த பலகைதான் வுட்டுடுச்சு. பாருங்க, ஸ்குரு மொத்தமும் தூளோட வந்துடுச்சு."

நெம்புகோல் தத்துவம்

அன்றிரவு நான் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்து, வகுப்பில் வருஷந்தோறும் போதிக்கும் நெம்புகோல் கணக்கை என் மேஜைக்குப் போட்டுப் பார்த்தேன்.

கால் 28 அங்குல உயரம். அதைப் பலகையோடு பிணைக்கும் கீல் தகடு 2 அங்குல நீளம். மேஜையை யாரோ பக்கவாட்டில் தள்ளுகிறார்கள். அந்தத் தள்ளலில் 5 கிலோ விசை ஒரு ஜோடிக் காலின் மேல் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். சிறுபிள்ளை கையை ஊன்றினாலே இவ்வளவு விசை உண்டாகும். 28 அங்குல நெம்புகோலின் முனையில் 5 கிலோ. மறுபுறம் எதிர்த்து நிற்பதற்கு இருப்பதோ 2 அங்குலம். ஆகவே திருகாணிகளைப் பிடுங்கும் விசை 5 பெருக்கல் 28 வகுத்தல் 2. அதாவது 70 கிலோ! ஒரு முழு மனிதனின் பாரம், பலகைக்குள் அரை அங்குலங்கூட இறங்காத திருகாணிகளைப் பிடித்து இழுக்கிறது.

இப்போது காலின் நடுவிலிருந்து ஒரு சாய்வான தாங்குகம்பி புறப்பட்டு, கீலிலிருந்து 10 அங்குல தூரத்தில் பலகையைப் பிடித்துக்கொள்வதாக வைத்துக்கொள்ளுங்கள். 2 அங்குலம் இருந்த இடத்தில் 10 அங்குலம் வந்துவிட்டது. எழுபது கிலோ பதினான்கு கிலோவாகக் குறைந்துவிடுகிறது. நான் வாங்கிய மலிவுக் காலில் தாங்குகம்பி இல்லாமலில்லை, இருந்தது. ஆனால் அது கீலிலிருந்து நான்கு அங்குலத்திலேயே முடிந்துவிட்டது.

நேயர்கள் மனத்தில் கொள்ளவேண்டிய முதல் விஷயம் இதுதான். மடக்குக் கால் வாங்கும்போது காலின் பருமனையும் மெருகையும் பார்ப்பதில் பிரயோஜனம் சொற்பம். கால் எங்கே மடங்குகிறது, மடங்காமல் எது தடுக்கிறது, அது பலகையை எங்கே பிடிக்கிறது என்ற மூன்றையுமே பார்க்க வேண்டும்.

மூட்டைப் பாருங்கள்

தாங்குகம்பி பெரும்பாலும் நடுவில் முழங்கால் போன்ற மூட்டு உள்ள இரண்டு துண்டுகளாக இருக்கும். பள்ளிக்கூடத்துப் பையன்கள் செய்யும் ஒரு குறும்பு உபாத்தியாயர்களுக்கெல்லாம் தெரியும். நின்றுகொண்டிருப்பவனின் முழங்காலுக்குப் பின்னால் மெதுவாக இடித்தால், ஆள் எவ்வளவு பெரியவனாக இருந்தாலும் தொய்ந்துவிடுவான். மேஜையின் மூட்டுக்கும் இதே அபாயம் உண்டு. கம்பி நேர்கோட்டில் மாத்திரம் வந்து நின்றால் போதாது. நேர்கோட்டைச் சற்றே தாண்டி, ஒரு தடையில் முட்டி நிற்க வேண்டும். அப்பொழுது மேலே பாரம் ஏற ஏற மூட்டு இன்னும் இறுகுமே தவிரக் கலையாது. அதற்கு மேலும், விரித்தவுடன் மூட்டின் மேல் தானாக நழுவி விழுந்து மூடும் இரும்பு வளையம் இருந்தால் மிகவும் நல்லது. கலியாண மண்டபங்களில் பந்தி மேஜைகளின் அடியில் குனிந்து பார்த்தால் இவ்வளையத்தைக் காணலாம். அதை நம்பித்தான் இலை போடுகிறார்கள்.

கடையில் கிடைக்கும் கால்கள் பலவகை. இரண்டு கால்களைக் குறுக்குக் கம்பியால் இணைத்த ஜோடிச் சட்டம் ஒன்று. வீட்டு உபயோகத்துக்கு இதுவே சிலாக்கியம். நாலு மூலைக்கு நாலு தனித்தனிக் கால்களாக, வில் வைத்த பூட்டோடு வருவது இரண்டாவது. குறுகிய மேஜைக்கு ஏற்றது, ஆனால் ஒவ்வொரு காலும் தனித்து நிற்பதால் ஆட்டம் அதிகம். கத்தரிக்கோல் போல் குறுக்காக விரியும் கால் மூன்றாவது. துணி தேய்க்கும் பலகைக்குச் சரி, எழுதுபவரின் முழங்காலுக்கு அது இடைஞ்சல். சுவரில் கீல் வைத்துத் தொங்கவிடும் பலகை நான்காவது. இடத்தைப் பொறுத்தமட்டில் இதுவே உத்தமம்; ஆயினும் எங்கள் பேட்டையின் பழைய வீடுகளில் சுண்ணாம்புச் சாந்து உதிரும் சுவர் ஆணியைப் பிடிப்பதில்லை. சுவர் பிடித்தாலும், வீட்டுக்காரர் பிடித்துக்கொள்வார்!

ஐந்தாவது, 10 அல்லது 12 அங்குல உயரமுள்ள குட்டைக் கால். சௌகார்பேட்டையில் பழைய வியாபாரிகள் மெத்தையில் சம்மணமிட்டு, சாய்வான சிறு பலகைப் பெட்டியின் மேல் கணக்கு எழுதும் வழக்கம் இருந்தது. தரையில் உட்கார்ந்து பழகிய வீட்டில் குட்டைக் காலுக்கு மிஞ்சியது கிடையாது. கால் குறுகினால் நெம்புகோலும் குறுகுகிறதல்லவா? எங்கள் வீட்டில் அது உதவவில்லை. என் தாயாருக்கு முழங்கால் வாதம். தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க இருவர் வேண்டும். பகலில் பெண் எழுதவும் இரவில் தாயார் நாற்காலியில் அமர்ந்து சாப்பிடவும் ஒரே மேஜை உதவவேண்டும் என்பதனால் உயரக் காலையே மறுபடியும் தேர்ந்தெடுத்தேன்.

மடக்கும் கலை புதியதன்று

மடக்கிக் கொண்டுபோகும் சாமான்களுக்கு நம் நாட்டில் நீண்ட சரித்திரம் உண்டு. கும்பினிக் காலத்திலிருந்து வெள்ளைக்காரப் பட்டாளத்து அதிகாரிகள் மாட்டுவண்டியிலும் ஒட்டகத்திலும் ஏற்றிச் செல்வதற்காக மேஜை, கட்டில், அலமாரி எல்லாவற்றையும் கழற்றி மடக்கும்படி செய்து வைத்துக்கொண்டார்கள். ரூர்க்கி நகரத்தின் பெயரால் வழங்கும் நாற்காலி ஒன்று உண்டு. அதில் ஆணியில்லை, பசையில்லை. மூட்டுகள் சற்றே தளர்ந்திருப்பதால் மேடுபள்ளமான தரையிலும் நாலு காலும் பதியும். காந்தியடிகள் எரவாடா சிறையில் ஈடுபாடு கொண்டு திருத்தியமைத்த பெட்டி ராட்டினமும் இந்தச் சாதியைச் சேர்ந்ததே. சக்கரத்தை மடக்கி மூடினால் பெரிய புஸ்தகம் போலக் கையில் எடுத்துச் செல்லலாம்.

எங்கள் தகப்பனார் மூர் மார்க்கெட்டில் வாங்கிய பழைய முகாம் மேஜை ஒன்று என் சிறுவயதில் வீட்டில் இருந்தது. 1985-ஆம் வருஷம் அந்த மார்க்கெட் தீக்கிரையாவதற்கு முன்பு வாங்கியது. அதன் கால் தேக்கு, கீல் பித்தளை. கீல் உட்கார்ந்த இடத்தில் மாத்திரம் பலகை இரட்டைப் பருமனாக இருந்தது. ஏன் என்று அக்காலத்தில் நான் யோசித்ததில்லை. தச்சர் என் பலகையைத் திருப்பிப் போட்ட அன்றுதான் விளங்கிற்று.

அளவும் பொருத்தமும்

பரீட்சை முடிந்தபின் இரண்டாவது மேஜையைத் தச்சரும் நானும் சேர்ந்து செய்தோம்.

பலகை 4 அடி நீளம், 2 அடி அகலம், 18 மில்லிமீட்டர் பருமனுள்ள பிளைவுட். பன்னிரண்டு மில்லிமீட்டர் போதாதா என்று கேட்கலாம். பலகையின் விறைப்பு பருமனின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுகிறது. பன்னிரண்டைவிடப் பதினெட்டு ஏறக்குறைய மூன்றே கால் மடங்குக்கு மேல் விறைப்பானது. எடையோ ஒன்றரை மடங்குதான். சுமார் 9 கிலோ. ஐ.எஸ். 303 முத்திரையுள்ள பிளைவுட் வீட்டு மேஜைக்குப் போதும். எப்பொழுதும் நனையும் இடமானால் ஐ.எஸ். 710 முத்திரையுள்ளதை வாங்கவேண்டும். துகள் பலகையை மாத்திரம் இந்த வேலைக்கு வாங்காதீர்கள். திருகாணியை ஒரு தடவை கழற்றினால் மறுபடி அது பிடிக்காது. தண்ணீர் பட்டால் ஊறி உப்பும்.

அடுத்து, கால் எங்கே நிற்க வேண்டும்? ஓரத்திலிருந்து வெகுதூரம் உள்ளே தள்ளினால் ஓரத்தில் ஊன்றும்போது மேஜை குப்புறக் கவிழும். மேஜையின் மொத்த எடை 14 கிலோ என்று கொள்வோம். கால் ஓரத்திலிருந்து 10 அங்குலம் உள்ளே இருந்தால், ஓரத்தில் 20 கிலோ ஏறினாலே போதும், கவிழ்ந்துவிடும். நாலு அங்குலம் மாத்திரம் உள்ளே இருந்தால் 70 கிலோ வேண்டும். ஆகவே 4 அங்குலமே கணக்கு.

இங்கேதான் ஒரு சிக்கல் வருகிறது. 48 அங்குலப் பலகையில் இருபுறமும் நாலு நாலு அங்குலம் போனால், கீலுக்கும் கீலுக்கும் நடுவே இருப்பது 40 அங்குலம். கால்களோ 28 அங்குலம் வீதம் 56. இரண்டும் உள்நோக்கி மடங்கும்போது 16 அங்குலம் ஒன்றின்மேல் ஒன்று ஏறும்; மேஜை தட்டையாக மடியாது. இதற்குப் பரிகாரம் இரண்டு. ஒரு சட்டம் மற்றதைவிடக் குறுகலாக இருந்து, அகன்ற சட்டத்தின் கால்களுக்கு நடுவே படுத்துக்கொள்ளலாம். அதற்கு, அகன்ற சட்டத்தின் குறுக்குக் கம்பி பாதத்தருகே இல்லாமல் மேற்பாதியில் இருக்கவேண்டும். அல்லது, ஒரு ஜோடியின் கீலுக்கடியிலும், அதன் தாங்குகம்பி பிடிக்கும் இடத்திலும், குழாயின் பருமனுக்குச் சமமாக ஓர் அங்குலக் கட்டை வைத்துத் தாழ்த்தலாம். அது மற்றதன்மேல் படிந்துகொள்ளும். நாங்கள் கட்டை வைத்தோம். கட்டை வைத்தால் அந்த ஜோடிக் காலில் ஓர் அங்குலம் அறுத்தெடுக்க வேண்டும் என்பதை நான் மறந்துவிட்டேன். "சறுக்குமரமா சார் செய்யறோம்?" என்று தச்சர்தான் ஞாபகப்படுத்தினார்.

கால் உட்காரும் இடங்களில் பலகையின் அடியில் ஓர் அங்குலம் கனமுள்ள ரீப்பர் கட்டைகளை ஒட்டினோம். ஒட்டுவதற்கு முன்பே கட்டைகளில் துளையிட்டு, தலைப்பக்கம் பலகையை நோக்கி இருக்கும்படி போல்ட்டுகளைப் புதைத்துச் செருகிவிட்டோம்; பிறகு மரப்பசை தடவி, நீளத் திருகாணிகளால் கட்டையைப் பலகையோடு இறுக்கினோம். இவ்விதம் செய்தால் எழுதும் பரப்பில் ஆணித் தலை ஒன்றும் தெரியாது. காலை மாட்டி, வாஷர் போட்டு, தளராத மரைகளை முடுக்கினோம். திருகாணிக்கு அதன் பருமனில் மூன்றில் இரண்டு பங்கு துளை முதலில் போட்டுக்கொள்வதும், நுனியில் சிறிது சோப்புத் தடவுவதும் மரம் பிளவாமல் காக்கும். ஒட்டுப்பலகையின் பக்க விளிம்பில் திருகாணி போடவே கூடாது. ஏடு ஏடாகப் பிரிந்துவிடும்.

சுற்றிலும் மரச் சட்டம் அடித்தோம். மடக்கிய கால்கள் அந்தச் சட்டத்துக்குள் அடங்கிவிடுகின்றன. பலகையின் விளிம்பும் நனையாமல் தப்புகிறது. துறைமுகத்துக் காற்று எங்கள் தெருவரை வருவதால் பௌடர் பூச்சுள்ள காலாகவே வாங்கினோம். அறுத்த இடத்தில் துருத்தடுப்பு வர்ணம் பூசினோம். பாதங்களுக்கு ரப்பர் புஷ். தரை கழுவும் தண்ணீர் குழாய்க்குள் ஏறாது. பழைய தரையின் மேடுபள்ளத்துக்கு ஒரு காலின் புஷ்ஷுக்குள் ரப்பர் வில்லை ஒன்று அதிகம் வைத்தால் ஆட்டமும் நிற்கும். தாங்குகம்பி மடங்கும்போது சட்டத்துக்கும் கம்பிக்கும் இடையில் ஒரு விரல் நுழைய இடம் விட்டுப் பொருத்தினோம். அந்த இடத்தை மாத்திரம் நான் மூன்று தடவை அளந்தேன்.

பிறகு சோதனை. 20 லிட்டர் தண்ணீர் கேன் இரண்டை மேஜையின் நடுவில் வைத்து, பக்கவாட்டில் நன்றாகத் தள்ளி ஆட்டிப் பார்த்தோம். ஒரு கேனை ஓரத்தில் வைத்துப் பார்த்தோம். கால் மணி நேரம் நிற்கவிட்டு, மறுபடி மரைகளை முடுக்கினோம். குழந்தைகளை உட்காரவைக்குமுன் இந்தச் சோதனையை யாரும் விடலாகாது. மாதம் ஒரு முறை மூட்டில் இரண்டு சொட்டு மெஷின் எண்ணெய் விடவேண்டும். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசினாகிவிடும்.

நிற்க, யானைக்குக் காலில் மூட்டே கிடையாது, அதனால் அது மரத்தில் சாய்ந்துதான் தூங்கும் என்று மேல்நாட்டில் பழங்காலத்தில் நெடுநாள் நம்பிவந்தார்களாம். யானை நிற்கும்போது பார்த்தால் அப்படித்தான் தோன்றும். கால் நான்கும் தூண்கள். ஆனால் பாகன் சொன்னால் அது மடங்கிப் படுக்கிறது. யானைக்கவுனி மேஜைக்கு இதைவிட நல்ல உதாரணம் வேறு வேண்டுமா?

பெண் பரீட்சையை எழுதினாள். விரலில் துணி சுற்றிக்கொண்டு எழுதினாள். மார்க்கில் குறைவில்லை. நகம் புதிதாக முளைத்துவிட்டது. ஆயினும் அந்த எட்டு நாட்களை நான் மறக்கவில்லை. அவளும் மறக்கவில்லை என்று தெரிகிறது. இப்பொழுது தினம் மாலையில் நான் மேஜையை விரித்து நிறுத்தினால், தம்பியை அருகில் வரவிடாமல் ஒரு கையால் தடுத்துக்கொண்டு, "அப்பா, வளையம் விழுந்துச்சா?" என்று கேட்கிறாள். விழுந்தது என்று நான் சொன்னாலும் ஒப்புக்கொள்வதில்லை. தானே குனிந்து, நாலு வளையங்களையும் விரலால் தொட்டுப் பார்த்த பிறகே புஸ்தகத்தை வைக்கிறாள்.